நாய்க்கு மேடை போட்ட பிஸ்கட் வியாபாரி: சார்லஸ் க்ரஃப்ட் கதையும் உங்கள் குட்டியின் முதல் ஷோவும்

தோவாளையில் பொழுது விடிவதற்கு முன்பே சந்தை விடிந்துவிடும். பிச்சி, மல்லி, சம்பங்கி, அரளி, கொழுந்து என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். விலை கேட்கும் சத்தம், ஏலம் கூவும் சத்தம், கேரளாவுக்குப் புறப்படும் வண்டிகளின் ஹாரன் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழும். அந்தச் சந்தையின் ஓரத்தில், கையில் ஒரு ராஜபாளையம் குட்டியோடு நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். குட்டிக்கு 10 வாரம். வாங்கும்போதே உங்கள் மனசுல ஒரு ஆசை. என்னைக்காவது ஒரு நாள் ஊட்டியிலோ சென்னையிலோ நடக்கிற டாக் ஷோவில் இவன் ரிங்குக்குள்ள நடக்கணும், கப்போட வீட்டுக்கு வரணும்.

நல்ல ஆசைதான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். குட்டியை நிற்க வைத்துப் பழக்குவதா, ஓட வைப்பதா, பல்லைக் காட்ட வைப்பதா? அதற்கெல்லாம் முன்னால் ஒரு மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்று உலகத்தின் மிகப் பெரிய நாய் கண்காட்சி எது என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பெயர் 'க்ரஃப்ட்ஸ்'. அது ஒரு ஊரின் பெயரோ நாய் இனத்தின் பெயரோ இல்லை. ஒரு மனிதரின் பெயர். அவர் வாழ்க்கையைப் படித்தால், உங்கள் குட்டிக்கு எதைச் சொல்லித்தர வேண்டும், எதைச் சொல்லித்தரவே கூடாது என்பது இரண்டும் புரிந்துவிடும்.

நகைக்கடை வேண்டாம், பிஸ்கட் போதும்

சார்லஸ் க்ரஃப்ட் பிறந்தது 1852 ஜூன் 28-ம் தேதி, லண்டனில். அப்பா நகை வியாபாரி. பையனும் அதே தொழிலுக்கு வருவான் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்திருப்பார்கள்.

இங்கே ஒரு ஆச்சர்யமான பொருத்தம் உண்டு. க்ரஃப்டுக்கு 7 வயது நிறைந்த அதே நாளில், அதாவது 1859 ஜூன் 28 அன்று, இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் முறையான முதல் நாய் கண்காட்சி தொடங்கியது. வந்தவை மொத்தமே 60 நாய்கள். பாயின்டர், செட்டர் என்ற 2 வகை வேட்டை நாய்கள் மட்டும். ஜெயித்தவர்களுக்குப் பரிசு துப்பாக்கி. லண்டனில் இருந்த அந்தச் சிறுவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. 1873-ல் இங்கிலாந்தில் கென்னல் கிளப் உருவாகி, நாய்களின் வம்சப் பதிவுக்கும் போட்டிகளுக்கும் விதிகள் எழுத ஆரம்பித்தது.

1876-ல் படிப்பை முடித்த க்ரஃப்ட், அப்பாவின் தொழிலுக்குப் போகவில்லை. லண்டன் ஹோபர்ன் பகுதியில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் நடத்திவந்த கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்ப்ராட் அமெரிக்காவிலிருந்து இடிதாங்கி விற்க வந்தவர். லண்டன் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் தூக்கிப்போட்ட காய்ந்த பிஸ்கட்டை நாய்கள் போட்டி போட்டுத் தின்பதைப் பார்த்து, நாய்களுக்கென்றே பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். இன்று உங்கள் தெரு மளிகைக்கடையில்கூட தொங்குகிற நாய் உணவுப் பாக்கெட்டுக்கு அதுதான் மூலக்கதை.

கடையில் ஆரம்பித்த க்ரஃப்ட் சீக்கிரமே ஊர் ஊராகப் போய் விற்கும் விற்பனையாளர் ஆனார். பெரிய பண்ணை வீடுகளுக்கும் வேட்டை நாய்கள் வளர்க்கும் கொட்டகைகளுக்கும் பிஸ்கட் மாதிரியோடு போய் நிற்பது அவர் வேலை. அங்கே அவர் கவனித்தது நாய்களை மட்டுமல்ல, நாய் வளர்க்கிறவர்களையும்தான். தன் நாயைப் பற்றி நாலு பேர் முன்னால் பெருமை பேச ஆசைப்படாத ஆள் உண்டா என்ன? அந்த ஆசைக்கு ஒரு மேடை போட்டுக்கொடுத்ததுதான் அவருடைய பிற்கால வாழ்க்கை.

சரி, இதுக்கும் நம்ம குட்டிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? முதல் பாடமே இங்கேதான் இருக்கு. ஷோ உலகத்தை உருவாக்கியவர் கையில் பிஸ்கட்டோடுதான் வந்தார். நீங்களும் அப்படியே ஆரம்பியுங்கள். குட்டியைப் பொறுத்தவரை பயிற்சி என்பது ஒரு வியாபாரம். நல்லது செய்தால் கூலி உடனே வரவேண்டும். வேகவைத்த கோழி ஈரலையோ கோழிக்கறியையோ சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு 2 அல்லது 3 தடவை போதும். குட்டி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அடியும் அதட்டலும் இந்த வியாபாரத்தில் செல்லாத காசு. பயந்த நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு முதுகை வளைத்து நிற்கும். அதை எந்த நீதிபதியும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

கூட்டத்துக்குள் நாய்களைக் கூட்டிவந்தவர்

விற்பனைக்காக ஐரோப்பா முழுக்கச் சுற்றிய க்ரஃப்டை, 1878-ல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் நாய்கள் பிரிவைப் பிரபலப்படுத்தும் பொறுப்புக்கு பிரெஞ்சு நாய் வளர்ப்பாளர்கள் அழைத்தார்கள். கல்லூரியை விட்டு வந்து 2 வருஷம்தான் ஆகியிருந்தது. வயது 26.

இங்கிலாந்து திரும்பிய பிறகு 1886-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த ராயல் அக்வேரியம் அரங்கில் டெரியர் நாய்களுக்கான கண்காட்சி ஒன்றை நடத்திக்கொடுத்தார். அதிலிருந்து 5 வருஷம் கழித்து, 1891-ல், தன் பெயரிலேயே ஒரு கண்காட்சி. இடம், இஸ்லிங்டனில் இருந்த ராயல் அக்ரிகல்ச்சுரல் ஹால். மாட்டுக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட பிரமாண்டமான கூடம் அது. ஏதோ ஒரு இனத்துக்கு மட்டும் என்றில்லாமல் எல்லா இனங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார். 36 இனங்கள், சுமார் 2,437 பதிவுகள்.

கொஞ்சம் கண்ணை மூடி யோசிச்சுப் பாருங்க. அன்றைய கண்காட்சிகளில் ரிங்குக்குப் போகாத நேரம் முழுக்க நாய்கள் வரிசையான மர பெஞ்சுகளில் சங்கிலி போட்டு உட்கார்ந்திருக்கும். ஜனங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடப்பார்கள். இரும்புக் கூரைக்கு அடியில் ஆயிரக்கணக்கான நாய்களின் குரைப்பும் மனிதர்களின் பேச்சும் எதிரொலிக்கும். அழகான நாய், நல்ல வம்சம், பளபளக்கும் முடி எல்லாம் இருந்தும், அந்தச் சத்தத்தில் மிரண்டு போன நாய்க்கு அங்கே என்ன வேலை?

இன்றைக்கும் நிலைமை அதுதான். மைதானத்தில் ஷாமியானா காற்றில் படபடக்கும். மைக்கில் நம்பர் கூப்பிடுவார்கள். பக்கத்தில் ஒரு கிரேட் டேன் நின்று குரைக்கும். வீட்டு முற்றத்தில் சிலை மாதிரி நின்ற குட்டி, அங்கே போனதும் உங்கள் காலுக்கு நடுவில் புகுந்துகொள்ளும்.

அதனால்தான் தோவாளைச் சந்தையை முதலில் சொன்னேன். நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் முக்கியமான காலம் ஏறத்தாழ 3-வது வாரத்திலிருந்து 14-வது வாரம் வரை. அந்த ஜன்னல் மூடிய பிறகும் பழக்கலாம், ஆனால் பாடு அதிகம். அதே நேரம் தடுப்பூசிகள் முடிவதற்கு முன் குட்டியைப் பொது இடத்தில் தரையில் விடுவது ஆபத்து. பார்வோ வைரஸ் மண்ணிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அப்போ என்ன செய்யலாம்? கையில் தூக்கிக்கொண்டு போங்கள். முதல் நாள் சந்தையிலிருந்து தள்ளி, சத்தம் லேசாகக் கேட்கிற தூரத்தில் 5 நிமிஷம் நில்லுங்கள். குட்டி நிம்மதியாக ஈரலைத் தின்றால் அடுத்த நாள் இன்னும் 10 அடி கிட்டே. தின்ன மறுத்தாலோ நடுங்கினாலோ கொட்டாவி மேல் கொட்டாவி விட்டாலோ, நீங்கள் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்வாங்குங்கள். கால்நடை மருத்துவர் தடுப்பூசிகள் முடிந்தது என்று சொன்ன பிறகு, லீஷில் நடத்தியே கூட்டிப்போகலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அடிக்கிற காற்றுக்குக் கூரைத் தகரம் அடித்துக்கொள்வதும் பிளாஸ்டிக் தார்ப்பாய் விசிறுவதும் இந்த ஊர்க் குட்டிக்கு இலவசப் பயிற்சி. எந்த ஷோ ஷாமியானாவும் அதன் பிறகு அதை மிரட்ட முடியாது.

ராணியின் நாயும் வரிசையில்தான்

1891 கண்காட்சிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. விக்டோரியா ராணியே தன் நாய்களை அனுப்பினார். ஒரு கோலி, சில பொமரேனியன்கள். க்ரஃப்டுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேறு என்ன வேண்டும்? அரண்மனை நாயும் சாதாரண வீட்டு நாயும் ஒரே கூரைக்கடியில் நிற்கும் காட்சியைப் பார்க்கவே ஜனம் வந்தது. பிற்பாடு ரஷ்ய அரச குடும்பத்தின் போர்சாய் நாய்கள்கூட அவர் கண்காட்சிக்கு வந்தன. இங்கிலாந்து அரச குடும்பத்தில் 7-ம் எட்வர்டின் மனைவி அலெக்ஸாண்ட்ராவும், பின்னால் 5-ம் ஜார்ஜும் தங்கள் நாய்களை ஷோவுக்கு அனுப்பியவர்கள்தான்.

ராணி வீட்டு நாயாக இருந்தாலும் ரிங்குக்குள் வந்தால் முன்பின் தெரியாத ஒருவரின் கை அதன் மேல் பட்டே தீரும். நீதிபதி தலையைத் தொடுவார், உதட்டைத் தூக்கிப் பல் வரிசையைப் பார்ப்பார், தோள், முதுகு, தொடை என்று தடவிக்கொண்டே போவார். ஆண் நாய்க்கு 2 விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்றும் தொட்டுப் பார்ப்பார். ராஜபாளையம் நாய்க்கு இதுதான் பெரிய சோதனை. வீட்டு ஆட்களிடம் உயிராக இருக்கும், அந்நியரிடம் ஒட்டாது. அது அந்த இனத்தின் குணம், குறை இல்லை. அந்தக் குணத்தைக் கெடுக்காமல் தொடுவதை மட்டும் பழக்க வேண்டும்.

தினமும் காலையில் ஒரு நிமிஷம். நீங்கள் தலையிலிருந்து வால் வரை தடவிவிடுங்கள், ஒரு துண்டு ஈரல். உதட்டை 2 விரலால் லேசாகத் தூக்கி ஒரு நொடி பாருங்கள், ஒரு துண்டு. பிறகு வீட்டில் இருக்கிற அக்கா, பக்கத்து வீட்டு அண்ணாச்சி, பால்காரர், டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக அதையே செய்யட்டும். 4-வது மாதம் தொடங்கி 28 பால் பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கும். அந்தச் சமயத்தில் ஈறு வலிக்கும். வாயை வற்புறுத்தித் திறந்தால் குட்டி அதை ஜென்மத்துக்கும் மறக்காது. அந்த வாரங்களில் வாயை விட்டுவிட்டு மற்ற பயிற்சிகளை மட்டும் செய்யுங்கள்.

நிற்கப் பழக்கும்போது ஒரு விஷயம். வீட்டு நாய்க்கு எல்லோரும் முதலில் சொல்லித்தருவது 'சிட்'. ஷோ குட்டிக்கு முதல் பாடம் 'நில்' ஆக இருக்கட்டும். உட்கார்ந்தால்தான் தீனி என்று பழகிய குட்டி, ரிங்கில் நிற்கச் சொன்னாலும் உட்கார்ந்துவிடும். முன்னங்கால்கள் தோளுக்கு நேர் கீழே, பின்னங்கால்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி, தலை நிமிர்ந்து, 4 காலிலும் எடை சமமாக. முதல் வாரம் 2 நொடி நின்றாலே கூலி கொடுத்துவிடுங்கள். பிறகு 5 நொடி, 10 நொடி என்று கூட்டலாம். சொல் மட்டும் வீடு முழுக்க ஒன்றாக இருக்கணும். நீங்க 'நில்'லு, தம்பி 'ஸ்டாண்டு', பாட்டி 'நில்லுடா மக்கா'ன்னு ஆளுக்கொரு பக்கம் சொன்னா அது யார் பேச்சைத்தான் கேட்கும்!

வீட்டில் பூனை வளர்த்த நாய் ஷோ ராஜா

க்ரஃப்ட் அடிப்படையில் ஒரு வித்தைக்காரர். அமெரிக்காவில் சர்க்கஸ் நடத்திப் புகழ்பெற்ற பார்னமோடு அவரை ஒப்பிட்டுப் பேசினார்கள். விளம்பரம் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பதிவுகளின் எண்ணிக்கையைத்தான் எப்போதும் பெரிதாகச் சொல்வார். ஒரே நாயை 2, 3 பிரிவுகளில் பதிவு செய்யலாம் என்பதால், பதிவு எண்ணிக்கை நாய்களின் எண்ணிக்கையைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். 1936-ல் நடந்த பொன்விழாக் கண்காட்சியில் பதிவுகள் 10,000-ஐத் தாண்டின. 1894, 1895 ஆண்டுகளில் பூனைக் கண்காட்சிகூட நடத்திப் பார்த்தார். அது நாய் ஷோ அளவுக்கு ஓடவில்லை.

இத்தனைக்கும் அவர் வீட்டில் என்ன நாய் இருந்தது? இதில் 2 விதமான பேச்சு உண்டு. வீட்டில் நாயே இல்லை, பூனைதான் வளர்த்தோம் என்பது அவர் மனைவி எம்மா பிற்பாடு சொன்னது. அவர் இறந்த பிறகு வெளியான நினைவுக்குறிப்பில் ஒரு செயின்ட் பெர்னார்ட் வளர்த்த செய்தி வருகிறது. எது எப்படியோ, அவர் பெயர் நிலைத்தது தன் நாயை ஜெயிக்க வைத்ததால் இல்லை. மற்றவர்கள் ஜெயிக்க ஆசைப்படும் இடத்தை உருவாக்கியதால்தான்.

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நமக்கு இதில் ஒரு தெளிவு கிடைக்கிறது. ரிங் என்பது மனிதர்களின் ஆசைக்காக, ஒரு கெட்டிக்கார விற்பனையாளர் கட்டிய மேடை. கப், ரிப்பன், சர்டிஃபிகேட், போட்டோ எல்லாம் நமக்கு. உங்கள் குட்டிக்கு அது எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா, லீஷைப் பிடித்த கை இறுக்கமாக இருக்கிறதா, இளக்கமாக இருக்கிறதா என்பதுதான். உங்கள் பதற்றம் அந்தக் கயிறு வழியாக இறங்கிப் போய்விடும். அதனால் பயிற்சி நாயோடு சேர்த்து உங்களுக்கும் வேண்டும்.

முதல் மகுடம் ஒரு ஓட்ட நாய்க்கு

பல வருஷம் வரை க்ரஃப்ட்ஸில் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாகத்தான் பரிசு. எல்லா இனங்களிலும் சிறந்த ஒரே நாய் என்ற 'பெஸ்ட் இன் ஷோ' பட்டம் 1928-ல்தான் வந்தது. அதை முதலில் வாங்கியது ப்ரிம்லி செப்டர் என்ற கிரேஹவுண்ட். ஒடுங்கிய இடுப்பு, ஆழமான மார்பு, நீண்ட கால்கள். நம்ம கன்னி, சிப்பிப்பாறை நாய்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த உருவம் அந்நியமாகத் தெரியாது. கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்களின் உடல்வாகு அது. அடுத்தடுத்த வருஷங்களில் எச்.எஸ்.லாய்ட் என்பவரின் காக்கர் ஸ்பேனியல்கள் அந்த மேடையை ஆண்டன. 1930-லிருந்து 1950-க்குள் 6 முறை பெஸ்ட் இன் ஷோ, 3 வேறு வேறு நாய்களோடு. ஒரு முறை ஜெயிப்பதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். 6 முறை என்றால் அது தினசரி உழைப்பு.

இப்படிப்பட்ட நாய்களின் அழகு நிற்பதைவிட நடையில்தான் தெரியும். ரிங்கில் நாய் உங்கள் இடப்பக்கம் வரும். வட்டமாக இடஞ்சுழியாக ஓட வேண்டும். நடுவில் நிற்கும் நீதிபதிக்கும் நாய்க்கும் இடையில் நீங்கள் மறைக்கக் கூடாது. வேகம் நடையும் இல்லை, பாய்ச்சலும் இல்லை, நடுத்தரமான ஒரு துள்ளோட்டம். இதற்கு வீட்டு வாசலில் அதிகாலை 5 நிமிஷம் போதும். லீஷ் தளர்வாக இருக்கட்டும். குட்டி இழுத்தால் நின்றுவிடுங்கள், கயிறு தளர்ந்ததும் மறுபடி நடங்கள். நேராகப் போய்த் திரும்பி வருவது, முக்கோணமாக ஓடுவது ஆகிய இரண்டும் பழகினால் போதும்.

2 எச்சரிக்கைகள். ஒன்று, வெயில். காலை 8 மணிக்கு மேல் தார்ச்சாலையில் பயிற்சி வேண்டாம். உங்கள் புறங்கையை 5 நொடி தரையில் வைக்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதமும் தாங்காது. இன்னொன்று, எலும்பு. நீண்ட கால் இனங்களுக்கு ஒரு வயது தாண்டும் வரை சைக்கிள் பின்னால் ஓடவிடுவது, உயரம் தாண்டவிடுவது எல்லாம் கூடவே கூடாது. வளரும் மூட்டில் விழுகிற அடி ஆயுசுக்கும் நிற்கும்.

மேடை செய்த நல்லதும் கெட்டதும்

கதையின் கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். க்ரஃப்ட் மேடை போட்டார். மேடை ஃபேஷனை உருவாக்கியது. விக்டோரியா ராணிக்குச் சின்ன அளவு பொமரேனியன் பிடித்தது. அதுவரை பெரிய உருவத்தில் இருந்த அந்த இனம் அடுத்த சில பத்தாண்டுகளில் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிப்போனது. சில இனங்களுக்குக் காது விறைப்பாக நிற்க வேண்டும் என்பதற்காக வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பி, 1890-களின் பிற்பகுதியில் இங்கிலாந்து கென்னல் கிளப் காது வெட்டிய நாய்களைப் போட்டியிலிருந்து விலக்கியது. ஆனாலும் பிரச்னை அதோடு தீரவில்லை. அழகுக்காக மட்டுமே இனப்பெருக்கம் செய்வதால் நாய்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 2008-ல் பி.பி.சி. ஆவணப்படம் ஒன்று வெளியானது. அதன் பிறகு க்ரஃப்ட்ஸ் ஒளிபரப்பையே பி.பி.சி. கைவிட்டது.

இது எங்கேயோ லண்டன் கதை என்று நினைக்காதீர்கள். ராஜபாளையம் என்றால் பால் வெள்ளையாக, மூக்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்று நாமும் தேடித்தேடி வாங்குகிறோம். அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமையும் வருகிறது. குட்டி வாங்கும்போது அது பார்க்காத பக்கமாக நின்று கை தட்டிப் பாருங்கள், சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு காதும் தனியாகக் கேட்கிறதா என்பதை மருத்துவரிடம் சோதிப்பது இன்னும் நல்லது. காது கேட்காத குட்டியையும் அன்பாக வளர்க்கலாம், கைச்சைகையில் பழக்கலாம். ஆனால் அதைக் கப்புக்காக இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

மேடையால் நடந்த நல்லதும் உண்டு. கவனிப்பாரில்லாமல் கலந்து கரைந்துபோக இருந்த நாட்டு இனங்களுக்குப் பதிவும் மரியாதையும் கிடைக்க ஷோக்கள் உதவின. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் நம்ம சென்னையில்தான் இருக்கு. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்காக 4 தபால்தலைகள் வெளியிட்டபோது, முதோல், ராம்பூர், இமாலயன் ஷீப்டாக் இனங்களோடு ராஜபாளையமும் இடம்பிடித்தது. உங்கள் குட்டியை ஷோவுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், வாங்கும் முன்பே தாய் தகப்பனின் பதிவுச் சான்றிதழையும் மைக்ரோசிப் விவரத்தையும் கேட்டுவிடுங்கள். பிறகு அலைவதில் பயனில்லை.

அவர் போன பிறகும்

முதல் உலகப்போர் நேரத்தில் 1918-லிருந்து 1920 வரை கண்காட்சி நின்றுபோனது. மற்றபடி க்ரஃப்ட் விடாமல் நடத்தினார். 1938 செப்டம்பர் 10 அன்று, 86 வயதில் காலமானார். லண்டன் ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1939 கண்காட்சியை அவர் மனைவி எம்மா தனியாகத் தோளில் சுமந்து நடத்தினார். அந்தச் சுமை அவருக்கு அதிகமாக இருந்தது. கணவரின் பெயர் அழியக் கூடாது என்று 1942-ல் கென்னல் கிளப்பிடம் அதை விற்றுவிட்டார். போர் முடிந்து 1948-ல் ஒலிம்பியா அரங்கில் மறுபடி ஷோ தொடங்கியது. பெயர் மட்டும் மாறவில்லை. நூற்றாண்டு ஆண்டான 1991-ல் பர்மிங்காமுக்கு இடம் மாறியபோது 22,000-க்கும் மேற்பட்ட நாய்கள் வந்து, உலகிலேயே மிகப் பெரிய நாய் ஷோ என்ற கின்னஸ் அங்கீகாரமும் கிடைத்தது.

பிஸ்கட் பையோடு ஊர் சுற்றிய ஒரு மனிதர் போட்ட மேடை அது. அந்த மேடையில் ஒவ்வொரு வருஷமும் ஒரே ஒரு நாய்தான் ஜெயிக்கிறது. மீதி ஆயிரக்கணக்கான நாய்கள் கப் இல்லாமல்தான் வீடு திரும்புகின்றன. அவை தோற்றுவிட்டன என்று அவற்றுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் அவை அதைக் கற்றுக்கொள்ளும்.

அதனால் உங்கள் குட்டியின் முதல் ஷோவுக்குப் போகும்போது இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. கூட்டத்தில் மிரளாமல் நிற்கத் தெரிந்த, அந்நியர் தொட்டால் பொறுத்துக்கொள்கிற, கயிற்றை இழுக்காமல் உங்களோடு நடக்கிற நாய்தான் ஷோவுக்கு வேண்டிய நாய். மருத்துவரிடம் போகும்போதும், விருந்தாளி வரும்போதும், திருவிழாக் கூட்டத்திலும் உங்களுக்கு வேண்டிய நாயும் அதேதான். கப் வந்தால் அலமாரியில் வையுங்கள். வரவில்லை என்றால் மறுநாள் விடியலில், பூ மூட்டைகள் இறங்கும் நேரத்தில், குட்டியைக் கூட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். வாலை ஆட்டிக்கொண்டு அத்தனை சத்தத்துக்கும் நடுவில் அது நிமிர்ந்து நடந்தால், நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் வீணாகவில்லை.